கோடையின் கடைசி நீரும் ஏரிப் பட்சிகளும்

சித்திரை பிறந்து கத்திரி வெயில் நெருங்கும் நாட்களில், பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களிலுள்ள ஏரிகளில் பலவற்றில் நீர் ஒடுங்கி, மதகின் அருகிலும் பழைய பள்ளங்களிலும் மாத்திரம் சிறிது தேங்கி நிற்கும். அச்சிறு நீரைப் பலர் பல கண்கொண்டு பார்க்கின்றனர். ஆயக்கட்டுதாரர், எஞ்சின் வைத்து இறைத்தால் சொர்ணவாரிக்கு இரண்டு நனைப்பு கிடைக்குமா என்று கணக்கிடுகிறார். மீன் குத்தகைதாரர், நீர் வற்ற வற்ற வலை எளிதில் நிறையும் என்று காத்திருக்கிறார். வண்டல் வேண்டுவோர், தரை காய்ந்ததும் டிராக்டர் இறங்கலாம் என்று எதிர்பார்க்கின்றனர். இம்மூவருடைய உரிமையும் நியாயமானதே. ஆனால் அந்நீருக்கு நான்காவது உரிமையாளர் ஒருவரும் உண்டு. அவர் மனுப்போட வருவதில்லை. பஞ்சாயத்துக் கூட்டத்தில் பேசுவதுமில்லை. கோடையில் ஏரியை அண்டிப் பிழைக்கும் பட்சிகளும் பிற ஜந்துக்களுமே அவர். அவற்றின் பங்கை ஒதுக்கி வைப்பது தருமம் மாத்திரமன்று, உழவருக்கு லாபமும் ஆகும் என்பதை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் கவனித்தல் அவசியம்.

கோடையில் காணப்படுபவை

ஏரிப் பட்சிகளைப் பார்க்க மார்கழி, தை மாதங்களே ஏற்றவை என்பது பொதுவான எண்ணம். வடதேசங்களிலிருந்து வலசை வரும் வாத்தினங்கள் அப்போதுதான் திரளாக இருக்கும். ஆயினும் அவை பங்குனி, சித்திரையில் திரும்பிச் சென்றுவிடும். அதன்பின் ஏரியில் எஞ்சுபவை இந்நாட்டுக்கே உரியவை. நீர் குறைந்து மீனும் நத்தையும் ஓரிடத்தில் நெருங்குவதால், இவையும் அங்கே கூடுகின்றன. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா ஆகியவற்றைக் கோடைக் காலையில் ஒரே குட்டையைச் சுற்றிக் காண்பது இப்பக்கத்தில் அரிதன்று. 3,645 மில்லியன் கன அடி முழுக் கொள்ளளவும் 24 அடி ஆழமும் உடைய செம்பரம்பாக்கம் ஏரியில், நீர் பின்வாங்கும்போது வெளிப்படும் சேற்று விளிம்பே நீண்டகால் பட்சிகளுக்கு விருந்துமேடையாகிறது. நீர் நிரம்பி ஆழமாக நிற்கையில் அவற்றால் அங்கே காலூன்ற இயலாது.

காய்ந்த ஏரித்தரையும் வெறுந்தரையன்று. ஆள்காட்டிக் குருவி கோடையில்தான் தரையில் சிறு குழி பறித்து, மண்ணின் நிறத்தை ஒத்த நான்கு முட்டைகளை இடுகிறது. நெடுங்கால் உள்ளானும் நீரோரத்தில் அவ்வாறே முட்டையிடும். மாடு மேய்ப்பவரின் தலைக்குமேல் ஆள்காட்டி கத்திச் சுழன்றால், அருகில் முட்டையோ குஞ்சோ இருப்பதாகக் கொள்ளலாம். சேற்றினுள்ளே பாலாமை என்னும் நன்னீர் ஆமை, நீர் வற்றியதும் புதைந்து, மழை வரும்வரை அசைவின்றிக் கிடக்கிறது. கரைப் புதர்களில் கீரியும் உடும்பும் தங்கி, அந்தி வேளையில் நீர் பருக இறங்குகின்றன. ஆகவே வற்றிய ஏரி செத்த ஏரி என்று நினைப்பது பிழை. அடுத்த மழையில் ஏரிக்குத் திரும்பவேண்டிய உயிர்கள் அனைத்தும் அக்கடைசிக் குட்டையையும் ஈரச் சேற்றையும் நம்பியே கோடையைக் கடக்கின்றன.

வேடந்தாங்கல் காட்டிய வழி

இவ்விஷயத்தில் உழவர்கள் பிறரிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை. அம்பத்தூரும் பூவிருந்தவல்லியும் ஒருகாலத்தில் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலேயே, மதுராந்தகம் தாலூகாவில், குடியானவர்கள் தாமே காத்து உண்டாக்கிய சரணாலயம் ஒன்று இருக்கிறது. அதுவே வேடந்தாங்கல். வேட்டைக்கு வந்த வெள்ளைச் சிப்பாய்கள் அவ்வேரியில் பட்சிகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர். அதன்பேரில் 1798-ஆம் ஆண்டளவில், கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ், பட்சிகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்துக் கௌல் எழுதிக் கொடுத்தார் என்பது வரலாறு. 1858-இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் ஜில்லா நிர்வாகம் அதைச் சரணாலயமாக ஏற்றது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது 1972-இல்தான். சட்டத்துக்கு ஏறக்குறைய 175 ஆண்டுகளுக்கு முன்பே ஊர்க்கட்டுப்பாடு அங்கே சட்டமாக நின்றது. 2022-இல் அவ்வேரி ராம்சார் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

ஊரார் ஏன் அவ்வளவு உறுதியாக நின்றனர்? இரக்கம் ஒரு காரணம். ஆயினும் அது மாத்திரமன்று. ஏரியினுள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடுகட்டும் ஆயிரக்கணக்கான பட்சிகளின் எச்சம் நீரில் கலக்கிறது. அந்நீரைப் பாய்ச்சும் வயல்கள் எருவின் பலனையும் சேர்த்துப் பெறுகின்றன. இதை வேடந்தாங்கல் உழவர்கள் ரசாயன நூல் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பயிரின் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். பட்சி எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்திருப்பதைப் பிற்காலத்து ஆராய்ச்சி உறுதிப்படுத்திற்று.

கவனிக்கத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. அவ்வேரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 74 ஏக்கர் மாத்திரமே. இப்பகுதியில் அதனினும் பெரிய ஏரிகள் பல உள்ளன. பட்சிகள் ஓர் ஏரியைத் தேர்ந்துகொள்வதற்குப் பரப்பு காரணமன்று. நீருக்குள் நிற்கும் மரமும், தொல்லையற்ற சூழலும், குஞ்சு பறக்கும்வரை நிலைக்கும் நீருமே காரணம். கார்த்திகை, மார்கழியில் கூடு தொடங்கினாலும், பிந்திக் கட்டிய கூடுகளில் குஞ்சுகள் சித்திரை, வைகாசிவரை இருக்கும். மழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் பட்சிகள் அங்கே கூடு கட்டுவதில்லை. கோடை நீரே அவற்றின் ஆயுள்.

திருநெல்வேலி ஜில்லாவில் கூந்தன்குளமும் இத்தகையதே. அவ்வூரில் கூழைக்கடாக்கள் தெருவோரத்து மரங்களிலும் கூடு கட்டும். பட்சிகள் வந்தால் ஊருக்கு மழையும் விளைச்சலும் உண்டு என்று எண்ணும் ஊரார், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சையும் எடுத்து வளர்த்துவிடுவர். 1994-இல் சர்க்கார் அதைச் சரணாலயமாக அறிவித்தது, ஊராரின் பழைய வழக்கத்தை ஒப்புக்கொண்டதேயாகும். சிவகங்கை ஜில்லாவின் வேட்டங்குடியில், பட்சிகள் மிரளாதிருக்கும் பொருட்டு, சுற்றுப்புற ஊரார் தீபாவளிக்கும் வெடி கொளுத்துவதில்லை.

எருவும் காவலும்

பட்சி எச்சத்தின் மதிப்பை உலகம் அறிந்தது பெரு தேசத்தினால். அந்நாட்டுக் கடலோரத் தீவுகளில் பன்னெடுங்காலமாகக் குவிந்திருந்த எச்சம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கப்பல் கப்பலாக ஐரோப்பிய வயல்களுக்குச் சென்றது. கண்மூடி வெட்டியெடுத்ததனாலும் பட்சிகளைக் கலைத்ததனாலும் சில பத்தாண்டுகளில் அக்குவியல் தீர்ந்தது. அதன்பின்னரே, 1909-இல், அந்நாட்டார் தனி நிறுவனம் ஒன்று ஏற்படுத்திப் பட்சிகளைக் காக்கத் தொடங்கினர். எருவை எடுக்கவேண்டுமானால் பட்சியை முதலில் காக்கவேண்டும் என்பதைப் பெரு பெருநஷ்டத்துக்குப்பின் கற்றது. வேடந்தாங்கல் நஷ்டமின்றியே கற்றிருந்தது.

எருவோடு காவலும் சேர்த்து எண்ணப்பட வேண்டும். கலப்பையோ டிராக்டரோ செல்லும் சாலின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கு, புரண்ட மண்ணிலிருந்து வெட்டுக்கிளியையும் புழுக்களையும் பொறுக்கித் தின்கிறது. மடையான், வரப்பைத் துளைக்கும் நண்டைப் பிடிக்கிறது. நத்தைகுத்தி நாரைக்கு நத்தையே முதல் உணவு. கம்பின்மேல் அமரும் கரிச்சான் பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கிறது. கூகை இரவெல்லாம் எலி வேட்டையாடுகிறது. சாரைப்பாம்பும் கீரியும் அவ்வேலையில் அதற்குத் துணை. இவற்றுக்குக் கூலி இல்லை. கோடையில் ஒதுங்க ஓர் ஏரிக்கரையும் குடிக்கச் சிறிது நீருமே அவை கேட்கும் கூலி.

நஷ்டமும் உண்டு

பட்சிகளால் தொல்லையே இல்லை என்று சொல்வது உண்மையாகாது. நீலத்தாழைக்கோழி நாற்றை மிதித்துப் பிடுங்குகிறது. சில்லைகள் பால்பிடித்த கதிரில் கூட்டமாக இறங்குகின்றன. மயில்கள் பெருகிய ஊர்களில் விதைத்த கடலையையும் காய்கறியையும் கொத்துவது கண்கூடு. மீன் குத்தகைக்குப் பணம் கட்டியவர், நீர்க்காகக் கூட்டம் தம் குஞ்சு மீனை விழுங்குவதைப் பார்த்துப் பொறுமையிழப்பதில் வியப்பில்லை. இக்குறைகளை அலட்சியம் செய்து உபதேசம் மாத்திரம் செய்வோரின் சொல் கிராமத்தில் எடுபடாது.

ஆயினும் இரண்டு விஷயங்களைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, பயிருக்குத் தொல்லை தருபவை சில இனங்களே. கோடையில் குட்டையைச் சுற்றி நிற்கும் நாரைகளும் கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் கதிரைத் தொடுவதில்லை. இரண்டாவது, தொல்லை தருபவற்றையும் நாற்றங்காலுக்கு வலை கட்டியும், மினுக்குத் தாள் கட்டியும், கதிர் முற்றும் இரண்டு மூன்று வாரம் காவல் வைத்தும் தடுக்கலாம். விஷம் கலந்த தானியம் இறைப்பது எல்லாவற்றினும் கேடானது. அது எலி தின்னும் கூகையையும் பூச்சி தின்னும் குருவியையும் ஊர்க் கோழிகளையும் சேர்த்தே கொல்லும். அது சட்டப்படி குற்றமுமாகும். நீர்க்காகத்தின் பங்கை மீன் குத்தகைத் தொகையை நிர்ணயிக்கும்போதே கணக்கில் கொள்வது ஊராட்சியின் கடமை. குத்தகைதாரர் ஒருவர் தலையில் முழுப்பாரத்தையும் சுமத்துவது நியாயமன்று.

நகரத்தின் அருகே உள்ள ஏரிகள்

இப்பகுதி ஏரிகளின் நிலைமை வேடந்தாங்கலின் நிலைமையன்று என்பது மறக்கத்தக்கதல்ல. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அதிலிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கும் செல்லும்படி முன்னோர் அமைத்தனர். அந்த ஆயக்கட்டு வயல்கள் இன்று மனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-இல் தானே மாநகராட்சியாயிற்று. ஆயக்கட்டு அழிந்த ஏரிக்கு மதகைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வரத்துக்காலில் சாக்கடை நீரே முந்தி வருகிறது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அப்பகுதி ஜனங்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை செல்ல நேர்ந்தது. ஆவடிப் பருத்திப்பட்டு ஏரி சீர்திருத்தப்பட்டு 2019-இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கே நடைபாதையும் படகும் வந்தன. அவை ஜனங்களுக்கு நன்மையே. ஆயினும் படகு செல்லும் எல்லையும் பட்சி தங்கும் எல்லையும் வேறுவேறாக இருந்தால்தான் இரண்டும் நிலைக்கும்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் உள்ளிட்ட ஏரிகள் வறண்டு தரை வெடித்ததை இப்பக்கத்தில் மறந்தவர் இல்லை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பரில், அதே ஏரியின் உபரிநீரால் அடையாற்றில் பெருவெள்ளம் ஓடிற்று. வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வரும் இந்நாளில், கோடையில் நீர் தங்கும் இடங்கள் முன்னைவிட அருமையாகின்றன. நகரத்து ஏரிகளில் இடமிழந்த பட்சிகளுக்கு இனி எஞ்சிய புகலிடம், திருமழிசை, நேமம், திருநின்றவூர்ப் பக்கங்களில் இன்னும் உழவர் கையிலிருக்கும் ஏரிகளும் தாங்கல்களுமே. பொறுப்பு அவ்வகையில் நிலமுடையோரைச் சேர்கிறது.

செய்யத்தக்கவை

இதற்குப் பெரும்பொருள் செலவோ புதிய இலாகாவோ தேவையில்லை. ஊர்க்கட்டுப்பாடும் காலம் பார்த்து வேலை செய்யும் பழக்கமும் போதும்.

(1) மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் நீரை எஞ்சின் வைத்து இறைப்பதில்லை என்று ஊர் முடிவு செய்யவேண்டும். அந்நீர் தானாகப் பாயாதது. இறைத்தாலும் சில ஏக்கருக்குச் சில நாள் மாத்திரமே போதுவது. அங்கேயே விட்டால் பூமிக்குள் ஊறி ஆயக்கட்டுக் கிணறுகளின் மட்டத்தைத் தாங்கும். கால்நடைக்கும் குடிநீராகும். ஒருவர் இறைத்தால் ஒருவர் வயல் நனையும். விட்டுவைத்தால் பலர் கிணறு ஊறும்.

(2) ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுக்க அனுமதி பெறும் முறை 2024-இல் வட்டாட்சியர் அளவிலேயே முடியும்படி எளிதாக்கப்பட்டது. வண்டல் எடுப்பது வயலுக்கும் ஏரிக்கும் நன்மை. ஆனால் ஏரி முழுவதையும் ஒரே கோடையில் சட்டியைப் போல் வழித்தெடுப்பது தவறு. ஓராண்டு ஒரு பாகம், மறு ஆண்டு மறு பாகம் என்று எடுக்கலாம். எஞ்சிய குட்டையைச் சுற்றியுள்ள ஈரச் சேற்றைத் தொடாமல் விடவேண்டும். மண்ணுக்குள் பாலாமை அகப்பட்டால் அதே ஏரியின் நீரோரத்தில் விடுவதே முறை. அதைப் பிடிப்பதும் விற்பதும் மூன்றாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதை வேலையாட்களுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும்.

(3) ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களைக் கூட்டில் குஞ்சு இருக்கும் மாதங்களில் ஏலம் விடலாகாது. சீமைக்கருவேலை அகற்றப்படவேண்டியதே, ஆனால் அதிலும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டியிருந்தால், குஞ்சுகள் பறந்தபின் சிறிது சிறிதாக வெட்டி, அவ்விடத்தில் நீர்க்கடம்பையும் நாட்டுக் கருவேலையும் நடவேண்டும். தூர்வாரிய மண்ணை ஏரியின் நடுவில் மேடாகக் குவித்து அதன்மேல் நட்டால், நாயும் மனிதரும் எளிதில் அணுகாத கூட்டிடம் அமையும்.

(4) கரையோரத்துக் கோரையையும் சம்பையும் கோடையில் கொளுத்தும் வழக்கத்தை நிறுத்தவேண்டும். அதனுள்தான் தாழைக்கோழியின் கூடும் கீரியின் குட்டியும் இருக்கும்.

(5) மீன் குத்தகைச் சீட்டில், வெடி, விஷம் உபயோகிக்கக் கூடாது, குட்டையைக் கடைசிச் சொட்டுவரை இறைத்து மீன் பிடிக்கக் கூடாது, அறுந்த வலையை ஏரியில் விடக் கூடாது என்னும் நிபந்தனைகளை எழுதவேண்டும்.

(6) பல்லுயிர்ச் சட்டம், 2002-இன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும். பல ஊர்களில் அது காகிதத்தில் நின்றுவிடாதபடி, பங்குனி முதல் ஆனிவரை மாதம் ஒருமுறை ஏரியில் கண்ட பட்சிகளையும் நீர் மட்டத்தையும் அக்குழு பதிவேட்டில் எழுதிவைப்பது நலம். பள்ளிக்கூட ஆசிரியரும் மாணவரும் இதில் துணை செய்யலாம். ஆக்கிரமிப்போ கழிவுநீரோ ஏரியைத் தாக்கும் நாளில், பத்தாண்டுப் பதிவேடு ஒன்று பல மனுக்களைவிடப் பலமான சாட்சியாகும். கிராம நிர்வாக அலுவலர் கிராமக் கணக்குகளை எழுதும் கையால் இதையும் மேற்பார்வையிடுவது அரிதன்று.

ஊர் மரியாதை

வேடந்தாங்கல் ஊரார் கௌல் வாங்கிய நாளில் அவர்களுக்குப் பின்னால் சட்டமில்லை, சங்கமில்லை. தங்கள் ஏரியில் வந்து இறங்கியது தங்கள் விருந்து, அதைச் சுடுவது தங்கள் ஊருக்கு அவமானம் என்ற எண்ணம் ஒன்றே இருந்தது. அவ்வெண்ணம் எருவாகத் திரும்பி வந்தது. இன்று துப்பாக்கியோடு வரும் சிப்பாய் இல்லை. எஞ்சினும், பொக்லைனும், கழிவுநீர்க் குழாயும் வருகின்றன. அவற்றுள் சிலவற்றை ஏரிக்குள் இறக்குவது ஊராரின் கையே. ஆகையால் இம்முறை கலெக்டரிடம் முறையிடுவதற்குமுன், ஊரார் தம்மோடு தாமே ஒரு கௌல் எழுதிக்கொள்ளவேண்டும். ஏரியின் கடைசிக் குட்டை பொதுவானது. அதில் பட்சிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே அதன் வாசகம். இவ்வாண்டுக் கோடை தொடங்குமுன் கிராம சபைகளில் இதைத் தீர்மானமாக நிறைவேற்ற நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் முன்வருவார்களாக.